ஒரு கணித இதழும் ஒரு குமாஸ்தாவும்

மும்பையில் வண்டி ஏறிச் சென்னை வழியாகத் தாயகம் செல்லும் அன்பர்கள், குந்தக்கல் சந்திப்பில் வாங்கிய உணவுப் பொட்டலத்தைப் பிரித்து உண்டுகொண்டிருக்கும் வேளையில் குத்தி என்னும் நிலையம் வந்து கடந்து போகும். குன்றின்மேல் பழைய கோட்டை ஒன்று தெரியும். வெயில் மிகுந்த ஊர், இறங்குவோர் சிலரே. நாமும் பல ஆண்டுகள் அவ்வூரைச் சன்னலின் வழியே பார்த்தும் பாராமலும் சென்றிருக்கிறோம். அவ்வூரில் டெப்டி கலெக்டராக இருந்த தமிழர் ஒருவர், 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் எழுதிய ஒரு கடிதத்திலிருந்துதான் இந்திய நாட்டின் முதற் கணித ஆராய்ச்சி இதழ் பிறந்தது என்பதைப் பிற்காலத்தில்தான் படித்தறிந்தோம். அது முதல் அந்நிலையம் வரும்போதெல்லாம் எழுந்து வாயிலருகே நின்று பார்ப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது.

அந்த இதழின் வரலாற்றை இம்மலரில் எழுதத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. நம் காலனிகளில் இன்று பட்டப்படிப்பைத் தாண்டி ஆராய்ச்சிக்குச் செல்லும் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். “கட்டுரை அச்சில் வரவேண்டும்” என்று அவர்கள் வீட்டில் சொல்லும் சொல், பெற்றோர்க்குப் புரிவதில்லை. எந்தத் தாளில் வரவேண்டும், ஏன் வரவேண்டும், யார் படிப்பார்கள் என்று கேட்டால் பிள்ளைகளும் விளக்கமாகச் சொல்வதில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்த நாம் இதைச் சொல்லப் புகுவது மிகையென்று தோன்றக்கூடும். ஆயினும் இக்கதையின் தலைவனும் கல்லூரித் தேர்வில் தோற்ற ஒரு குமாஸ்தாவே ஆதலின், குமாஸ்தா ஒருவர் அதைச் சொல்வதில் தவறில்லை.

நாம் வாங்கும் வார இதழில் கதையும் இருக்கும், சமையற் குறிப்பும் இருக்கும், சோதிடமும் இருக்கும். அதன் எல்லை வாசகனின் விருப்பம் ஒன்றே. ஆராய்ச்சி இதழோ தன் எல்லையைத் தானே வரைந்துகொள்வது. “எம் நோக்கம் இது, இன்ன துறையில் இன்ன வகைக் கட்டுரைகளை மட்டும் ஏற்போம், முன்னரே அச்சானவற்றை ஏற்கமாட்டோம்” என்று தன் அட்டையின் உட்புறத்திலேயே அறிவித்துவிடும். வரும் கட்டுரையை ஆசிரியர் தாமே தீர்ப்பதும் உண்டு. அத்துறை வல்லார் ஒருவர் இருவரிடம் அனுப்பி, அவர்கள் கருத்தைப் பெற்றுத் தீர்ப்பது இன்றைய வழக்கம். எழுதியவர்க்குச் சன்மானம் கிடையாது. புதிதாக ஒன்றைக் கண்டவர், “இதனை இன்ன நாளில் யான் கண்டேன், ஐயமுடையோர் சோதித்துப் பார்க்கலாம்” என்று உலகத்தார்முன் வைக்கும் பதிவேடு அது.

தொடக்கத்தில் இவ்வெல்லை இத்துணைக் குறுகியதாக இருக்கவில்லை. 1665-ஆம் ஆண்டு சனவரியில் பாரிசிலும், மார்ச்சில் இலண்டனிலும் இவ்வகையின் முதல் இரண்டு இதழ்கள் தோன்றின. இலண்டன் இதழை நடத்தியவர் இராயல் சொசைட்டியின் செயலாளராகிய ஓல்டன்பர்க் என்பார். அதன் முதல் இதழிலேயே வியாழன் கோளில் காணப்பட்ட ஒரு புள்ளியைப் பற்றிய செய்தியும், பெர்முடாத் தீவுப் பக்கம் நடந்த திமிங்கில வேட்டையும், விகாரமாய்ப் பிறந்த ஒரு கன்றின் விவரமும் அடுத்தடுத்து வந்தன. அறிவு பெருகப் பெருக ஒரே தாளில் அனைத்தையும் அடைக்க இயலாமற்போயிற்று. ஒவ்வொரு துறையும் தனி வீடு கட்டிக்கொண்டது. கணிதத்திற்கு அவ்வாறு அமைந்த புகழ்பெற்ற வீடு, 1826-இல் பெர்லினில் கிரெல்லே என்பவர் தொடங்கிய இதழாகும். கிரெல்லே பேராசிரியர் அல்லர். சாலைகள் அமைத்த பொறியாளர். பின்னாளில் பெர்லின் – போட்சுடாம் இருப்புப் பாதைப் பணியிலும் ஈடுபட்டவர். (நம் துறையினர் என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!) அவருடைய முதல் தொகுதியிலேயே நார்வே நாட்டு ஏழை இளைஞன் ஏபலின் கட்டுரைகள் வந்தன. ஐந்தாம் படிச் சமன்பாட்டை நாலாம் படி வரையில் தீர்த்த அதே முறையில் பொதுவாகத் தீர்க்க முடியாது என்று நிறுவியவன் அவன். வேலை கிடைக்காமல் வறுமையில் வாடி, 1829-இல், 26 வயதில் மறைந்தான். இன்றும் அவன் பெயர் கணிதத்தில் நிற்கிறது. பட்டமும் பதவியும் பாராமல் அச்சிட்ட ஒரு பொறியாளரின் இதழ் அதற்குப் பெருந்துணை புரிந்தது.

நம் மும்பையும் இவ்வகையில் பிற்பட்டதன்று. 1883-இல் எண்மர் கூடித் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், 1886-இல் தன் இதழை வெளியிடத் தொடங்கியது. பறவை, விலங்கு, பாம்பு, பூச்சி, செடி, கொடி என்பவையே அதன் எல்லை. எழுதியவர்களோ வனத்துறை அலுவலர், தோட்டக்காரர், படையினர், மருத்துவர் எனப் பல திறத்தார். இன்றும் அந்த இதழ் வெளிவருகிறது.

இனிக் குத்திக்குத் திரும்புவோம். அங்கே டெப்டி கலெக்டராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர். 1871-இல் பிறந்தவர். மாணவராய் இருந்தபோதே இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ஒரு கல்வி இதழுக்குக் கணிதக் குறிப்புகள் எழுதியனுப்ப, அதன் ஆசிரியர் இவரைப் பேராசிரியர் என்று கருதி “புரொபசர்” என விளித்து விடை எழுதினார் என்றும், அப்பெயரே நண்பர்களிடையே நிலைத்துவிட்டது என்றும் கூறுவர். பகலில் நிலவரி, சமாபந்தி, குற்ற வழக்கு, இரவில் கணிதம். ஆனால் படிக்க நூல் வேண்டுமே! ஐரோப்பாவில் வெளிவந்த கணித இதழ்கள் விலை மிக்கவை. பெரிய நகரத்துக் கல்லூரிகளிலேயே அவை அரிது. குத்தி போன்ற ஊரில் கேட்பானேன்? தனி ஒருவர் வாங்க இயலாததைப் பலர் கூடி வாங்கலாம் என்று எண்ணி, கணித ஆர்வலர் பலருக்குக் கடிதம் எழுதினார். 1907 ஏப்ரல் 4-ஆம் நாள், இருபதின்மர் உறுப்பினராகச் சேர, கழகம் உருப்பெற்றது. முதலில் ‘அனலிடிக் கிளப்’ என்றும், பின்னர் ‘இந்தியக் கணித கிளப்’ என்றும் வழங்கி, 1910 முதல் ‘இந்தியக் கணிதக் கழகம்’ ஆயிற்று.

அவர்கள் செய்த முதற்பணி மிக எளியது. இதழ்களைப் பொதுவில் வரவழைத்து, ஒருவர் படித்ததும் அடுத்தவர்க்கு அஞ்சலில் அனுப்புவது. ஆபீசில் சுற்றறிக்கை மேசைக்கு மேசை போய், ஒவ்வொருவரும் பார்த்து ஒப்பமிட்டு அடுத்தவரிடம் தள்ளுவதை நாம் அறிவோம். அதே முறைதான், ஆனால் இங்கே மேசைக்கும் மேசைக்கும் இடையே நூறு, இருநூறு மைல்! நூலகத்தைப் புனாவிலுள்ள பெர்குசன் கல்லூரியில் வைத்தனர். ஆக, புனாவும் குத்தியும் நம் பாதையிலேயே அமைந்த ஊர்கள். அஞ்சற்பெட்டியில் அந்நாளில் சென்ற மூட்டைகளுள் எத்தனையில் பிரெஞ்சுக் கணிதமும் செருமானியக் கணிதமும் கிடந்தனவோ, மூட்டை கட்டியவர்க்கே தெரிந்திராது.

பிறர் எழுதியதைப் படித்தால் மட்டும் போதுமா? தாம் கண்டதை எழுதவும் இடம் வேண்டும் அன்றோ? 1909-இல் கழகத்தின் சொந்த இதழ் வெளிவரத் தொடங்கியது. பெங்களூர்ச் சென்ட்ரல் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் எம்.டி. நாராயணையங்கார் அதன் ஆசிரியரானார். அவ்விதழின் எல்லை கணிதம் ஒன்றே. அதில் ஆராய்ச்சிக் கட்டுரை இருக்கும். சிறு குறிப்புகள் இருக்கும். அவற்றோடு ‘வினாக்கள்’ என்றொரு பகுதியும் இருக்கும். யார் வேண்டுமாயினும் ஒரு கணக்கை வினாவாக அனுப்பலாம். யார் வேண்டுமாயினும் விடை எழுதலாம். எண்ணிட்டு அச்சிடுவார்கள். இந்த வினாப் பகுதியைச் சிலர் விளையாட்டாக நினைக்கக்கூடும். நம் கருத்தில் அந்த இதழின் உயிர்நிலையே அதுதான். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் பயிற்சி இல்லாதவனும் உள்ளே நுழையத் திறந்து வைத்த வாயில் அது. எல்லையைக் குறுக்கி, வாயிலை அகலத் திறந்து வைத்தார்கள். இன்னது எழுதலாம் என்பதில் கண்டிப்பு. இன்னார் எழுதலாம் என்பதில் கண்டிப்பே இல்லை.

அந்த வாயில் வழியாக வந்தவர்தான் சீனிவாச இராமானுசன். 1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை, கணிதம் தவிர்த்த பிற பாடங்களைப் புறக்கணித்ததால் இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. 1909-இல் திருமணமும் ஆயிற்று, வேலை இல்லை. காகிதம் வாங்கக் காசில்லாமையால் பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார்.

1910-ஆம் ஆண்டில் அந்த நோட்டுப் புத்தகங்களோடு திருக்கோவிலூருக்குச் சென்றார். அப்போது அங்கே டெப்டி கலெக்டராக இருந்தவர் நம் இராமசாமி ஐயரே. தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை வேண்டும் என்பதே இளைஞரின் விண்ணப்பம். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஐயர் வேலை கொடுக்கவில்லை! ரெவினியூ இலாகாவின் அடித்தட்டு வேலையில் இத்தகைய அறிவை அமுக்கிவிட மனம் வரவில்லை என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். குமாஸ்தா வேலையிலேயே ஆயுளைக் கழிக்கும் நம்மனோர்க்கு இச்சொல் சற்றுச் சுருக்கென்றுதான் தைக்கிறது. ஆனால் அவர் கையை விரித்து அனுப்பிவிடவில்லை. சென்னையில் இருந்த கழகத்து நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். பேராசிரியர் பி.வி. சேஷு ஐயர், அவர் வழியாக நெல்லூர்க் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவ் என அறிமுகம் படர்ந்தது. இராமச்சந்திர ராவும் கழகத்தைச் சேர்ந்தவரே. அவர் திங்கள்தோறும் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்து, இளைஞரைக் கணிதம் செய்யவிட்டார்.

1911-இல் இதழின் வினாப் பகுதியில் இராமானுசன் பெயர் தோன்றத் தொடங்கியது. அவற்றுள் 289-ஆம் எண் வினா, பள்ளிச் சிறுவர்க்கும் விளக்கக்கூடியது. ஒன்றைக் கூட்டி இருமடங்கு வர்க்கமூலம்; அதனுள்ளே ஒன்றைக் கூட்டி மும்மடங்கு வர்க்கமூலம்; அதனுள்ளே நான்மடங்கு; இவ்வாறு முடிவே இல்லாமல் ஒன்றனுள் ஒன்றாகச் செல்லும் வர்க்கமூலங்களின் மதிப்பு யாது என்பது கேள்வி. மூன்று இதழ்கள், அதாவது ஆறு திங்கள் கடந்தும் விடை எவரும் அனுப்பவில்லை. பின்னர் அவரே விடை கூறினார்: மூன்று!

எப்படி என்று பாருங்கள். மூன்றின் வர்க்கம் ஒன்பது. ஒன்பதை, ஒன்றும் இருநான்கு எட்டும் என்று பிரிக்கலாம். அந்த நான்கு, பதினாறின் மூலம். பதினாறோ ஒன்றும் மூவைந்து பதினைந்தும். அந்த ஐந்து, இருபத்தைந்தின் மூலம். அதுவோ ஒன்றும் நாலாறு இருபத்து நான்கும். இவ்வாறு படி இறங்கிக்கொண்டே போகலாம். கதவைத் திறந்தால் உள்ளே இன்னொரு கதவு. அதைத் திறந்தால் மற்றொன்று. எல்லாம் சேர்ந்து நம் கைவிரல் மூன்று! எல்லையின்றிச் செல்வதை இவ்வாறு கையாள்வதற்கு ஆதாரம் கூறவேண்டும் என்று கணிதப் புலவர் சொல்வர், அது மெய்யே. ஆயினும் இந்த விடையைச் சொன்னவுடன் ஒன்பதாம் வகுப்புப் பையன் முகம் மலர்வதை நாம் கண்டிருக்கிறோம். இதுபோல் ஐம்பதுக்கு மேற்பட்ட வினாக்களை அவர் அவ்விதழுக்கு வழங்கினார். இங்கிலாந்தில் இருந்த நாட்களிலும் நிறுத்தவில்லை.

அதே 1911-இல் மூன்றாம் தொகுதியில் அவருடைய முதற் கட்டுரை அச்சாயிற்று. பெர்னூலி எண்களின் சில பண்புகளைப் பற்றியது. இங்கேதான் ஆசிரியர் நாராயணையங்காரின் பெருமையை நாம் உணரவேண்டும். இராமானுசனின் எழுத்து மிகச் சுருங்கியது, முறையோ புதியது. தெளிவில்லாமையால் சாதாரண வாசகர் பின்தொடர முடியாத நிலையில் இருந்தது என்று ஆசிரியரே பிற்காலத்தில் குறிப்பிட்டுள்ளார். முடிவை மட்டும் எழுதிவைத்துப் பழகியவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? அவர் அக்கட்டுரையைக் குப்பையில் எறிந்திருக்கலாம். எழுதியவர் எஃப்.ஏ. கூடத் தேறாதவர் என்பது போதுமான சாக்கு. அல்லது, “ஏழைப் பையன், போகட்டும்” என்று இரங்கி அப்படியே அச்சிட்டிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. ஒரு முறைக்கு மேல் கட்டுரையைத் திருப்பியனுப்பி, திருத்தி வாங்கி, தக்க வடிவம் பெற்ற பிறகே வெளியிட்டார். ஆபீசில் கோப்பு “குறிப்புடன் திருப்பப்பட்டது” என்று வந்தால் நமக்கு முகம் சுண்டிப்போகும். ஆனால் அக்குறிப்புக்குப் பின்னே, வேலை செம்மையாக வரவேண்டும் என்று ஒருவர் செலவிட்ட நேரம் இருக்கிறது. பெங்களூரில் உட்கார்ந்து, முகமறியாத ஒருவனின் கணக்கை வரிவரியாகச் சோதித்த அந்தப் பேராசிரியர் அதற்கென்று வேறு பயன் கருதினார் என்று சொல்வதற்கில்லை.

பின் நடந்தவை பலரும் அறிந்தவையாதலால் விரைந்து செல்வோம். 1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் திங்கள் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தாவானார். மேலதிகாரி எஸ். நாராயண ஐயர் கணிதக் கழக உறுப்பினர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் முன்னர் இரயில்வேப் பொறியாளராக இருந்தவர். இருவரும் ஆதரித்தனர். 1913 சனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தம்மை ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் பெறும் குமாஸ்தா என்றே அறிமுகப்படுத்திக்கொண்டார். அவ்வாண்டே, பட்டம் பெறாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் திங்கள் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. 1914 மார்ச்சில் கப்பலேறினார். 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோயுற்றுத் திரும்பியபோது அவர் காலடி வைத்த முதல் இந்திய மண் நம் மும்பையே. 1919 மார்ச் 27-ஆம் நாள் இங்கே கப்பலிலிருந்து இறங்கினார். தாயார் வந்து காத்திருந்தார். அவ்வாண்டு சனவரியில்தான் கணிதக் கழகத்தின் இரண்டாம் மாநாடு இதே நகரில் நடந்து முடிந்திருந்தது. சென்னைக்குச் சென்ற வண்டி குத்தியைத் தாண்டித்தான் சென்றது. 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னையில் மறைந்தார், வயது 32.

இதழ் நிற்கவில்லை. பரிசோதனைக்குரிய ஒரு சிக்கல் பின்னர் எழுந்தது. ஆராய்ச்சி உயர உயர, மாணவர்க்கும் பள்ளி ஆசிரியர்க்கும் உரிய வினாக்களும் குறிப்புகளும் ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு ஒரே கூரையின்கீழ் இருப்பது இருவர்க்கும் இடையூறாயிற்று. கழகம் மாணவர் பகுதியை ஒழித்துவிடவில்லை. 1933-இல் ‘கணித மாணவன்’ என்ற பொருள்படும் பெயரில் இரண்டாவது இதழைத் தொடங்கி, அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து அ. நரசிங்க ராவிடம் ஒப்படைத்தது. பழைய இதழ் 1934 முதல் புதிய வரிசையாக, முழுதும் ஆராய்ச்சிக்கே உரியதாயிற்று. இவ்விரு இதழ்களும் இன்றும் வெளிவருகின்றன. எல்லையைச் சுருக்கும்போது வெளியே நிற்பவர்க்கு வேறொரு கொட்டகை போட்டுக் கொடுத்த இச்செயலை நம் சங்கங்களும் கருதிப் பார்க்கலாம்.

சொந்த இதழ் இருப்பதன் பயனுக்கு இயற்பியலிலும் ஒரு சான்று உண்டு. சர் சி.வி. இராமனும் முதலில் கல்கத்தாவில் அரசாங்கக் கணக்குத் துறை அதிகாரியாக இருந்து, மாலை வேளையில் ஆராய்ச்சி செய்தவர். 1926-இல் அங்கே ‘இந்திய இயற்பியல் இதழ்’ தோன்றியது. 1928 பிப்ரவரி 28-இல் கண்ட ஒளி விளைவை மார்ச் 16-இல் பெங்களூரில் உரையாக நிகழ்த்தினார். மார்ச் 31-க்குள் அவ்விதழில் அச்சாகி, பிரதிகள் பல நாட்டு அறிஞர்க்கும் அஞ்சலில் சென்றன. அதே காலத்தில் இரஷ்யாவில் இலாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஸ்டாம் என்னும் இருவரும் அதே விளைவைக் கண்டிருந்தனர். அவர்கள் கட்டுரை சில திங்கள் பின்னரே வந்தது. நோபல் பரிசு 1930-இல் இராமனுக்குக் கிடைத்தது. பிறநாட்டு இதழின் வாயிலில் மட்டுமே காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லவேண்டும். சென்ற ஆண்டு நம் காலனி அன்பர் ஒருவர், தாராவியில் சிறு கடை நடத்துபவர், மாலையில் ஒரு தாளோடு வந்தார். “அண்ணாச்சி, பாப்பாவின் கட்டுரையை வெளிநாட்டு இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டதாம். பணம் கட்டவேண்டுமாம். நீங்கள் ஆபீசில் கடிதம் பார்ப்பவர், ஒருமுறை பாருங்கள்” என்றார். முகத்தில் மகிழ்ச்சி. மகள் வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறாள். கட்டுரை அனுப்பிய நான்காம் நாளே ஏற்பு வந்துவிட்டது. ஒரு வாரத்தில் பணம் அனுப்பினால் அடுத்த இதழிலேயே அச்சாகும் என்றிருந்தது. நமக்கு வேதியியல் தெரியாது. அவ்விதழ் தன்னைப் பற்றி அறிவித்திருந்த எல்லையைத்தான் படித்தோம். பொறியியல், மருத்துவம், வணிகம், சட்டம், இலக்கியம், வேளாண்மை, வேதியியல் அனைத்தையும் ஏற்கும் என்று கண்டிருந்தது. “தம்பி, எல்லா நோய்க்கும் ஒரே மருந்து விற்பவனை நாம் நம்புவோமா?” என்று கேட்டோம். அவர் முகம் வாடிவிட்டது.

பணம் கேட்கும் இதழெல்லாம் போலி என்று நாம் சொல்லவில்லை. வாசகரிடம் விலை பெறாமல், எழுதுவோரிடம் அச்சுச் செலவைப் பெறும் நல்ல இதழ்களும் இக்காலத்தில் உண்டு. சோதிக்காமல் ஏற்பவைதாம் போலி. முனைவர் பட்டத்திற்கு முன் கட்டுரை அச்சாகியிருக்க வேண்டும் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் விலக்கிவிட்டது. ஆயினும் வேலைக்கும் உயர்வுக்கும் எண்ணிக்கை பார்க்கும் வழக்கம் விலகவில்லை. அவ்வெண்ணிக்கைப் பசிக்குத்தான் இக்கடைகள் இரை போடுகின்றன. சிறு கடைக்காரரின் இரண்டு மாத இலாபம் அதற்குப் போகவிருந்தது.

அப்பெண் தன் பேராசிரியையிடம் கேட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வேதியியலிலும் ஒரு சிறு பிரிவை மட்டும் எல்லையாகக் கொண்ட வேறோர் இதழுக்கு அனுப்பினாள். ஐந்து திங்கள் கழித்து மூன்று பக்கக் குறிப்புடன் திரும்பி வந்தது. “ஏற்றவனை வேண்டாம் என்றோம், இவன் திருப்பிவிட்டானே” என்று தந்தை மனம் நொந்தார். அன்றுதான் அவருக்கு நாராயணையங்காரின் கதையை முதல் முறையாகச் சொன்னோம். பெண் இப்போது குறிப்புகளின்படி சோதனையொன்றை மீண்டும் செய்துகொண்டிருக்கிறாள்.

திரும்பிவந்த கட்டுரைகளைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்லவேண்டும். 1915-இல் இராமானுசன் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்றை இலண்டன் கணிதக் கழக இதழ் வெளியிட்டது. மிகுதியான வகுஎண்களையுடைய எண்களைப் பற்றியது. போர்க்காலம், கழகத்தில் பண முட்டுப்பாடு. ஆதலால் முழுவதும் அச்சேறவில்லை. ஒரு பகுதி கையெழுத்தாகவே தங்கிவிட்டது. அவருடைய நோட்டுப் புத்தகங்களை நம் மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957-இல் இரண்டு தொகுதிகளாக, அவர் கையெழுத்திலேயே படமெடுத்து வெளியிட்டது. அந்த மிச்சப் பகுதிக்கோ இன்னும் நாற்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1997-இல் அமெரிக்காவில் பணியாற்றும் கிருஷ்ணசாமி அல்லாடி என்னும் பேராசிரியரை ஆசிரியராகக் கொண்டு ‘இராமானுசன் இதழ்’ என்றோர் ஆராய்ச்சி இதழ் தொடங்கப்பெற்றது. இராமானுசனின் கணிதத்தால் வளம் பெற்ற துறைகளே அதன் எல்லை. எஃப்.ஏ. தேறாத ஒரு துறைமுகக் குமாஸ்தாவின் சிந்தனை சென்ற இடமெல்லாம் ஓர் இதழின் எல்லையாக வரையப்பட்டுவிட்டது. 1915-இல் அச்சேறாமல் நின்ற அந்தப் பகுதி, பிரெஞ்சு அறிஞர் இருவரின் குறிப்புரையுடன், அவ்விதழின் முதல் தொகுதியில் 119-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது.